பரணில் ஒரு பெட்டி

அன்புள்ள சார்,

வணக்கம். பல வருடங்களாக உங்களைப் படித்துவருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. அதுவும் கோபத்தில்.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு புதுப்படத்துக்குப் போனோம். பெரிய ஹீரோ படம், பெயர் வேண்டாம். நான், கணவர், கல்லூரியில் படிக்கும் பையன், 71 வயதான என் அம்மா. தலைக்கு 190 ரூபாய் டிக்கெட், ஆன்லைனில் போட்டதற்குத் தனிக் காசு, பெரம்பூரிலிருந்து போகவர ஆட்டோ, பாப்கார்ன் என்று இரண்டாயிரம் ரூபாய் போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. இடைவேளையில் அம்மா என் பக்கம் சாய்ந்து, "இவன் சாதாரண ஆளு இல்லடி. முன்னாடி பெரிய ரவுடியாவோ போலீஸாவோ இருந்திருப்பான். இப்ப தங்கச்சியைத் தூக்கிட்டுப் போவாங்க. பரண் மேல ஒரு பெட்டி இருக்கும், இறக்குவான், துப்பாக்கியை எடுப்பான், எல்லாரையும் சுடுவான். கடைசியில அடுத்த பார்ட்டுக்கு ஒருத்தன் வந்து சிரிப்பான்" என்று சொல்லிவிட்டு இரண்டாம் பாதி முழுக்கத் தூங்கினார். சார், ஒன்று விடாமல் அப்படியே நடந்தது. பெட்டி மட்டும் பரணில் இல்லை, கிணற்றுக்குள் இருந்தது.

போதைப்பொருள் கடத்தல், அதை விட்டால் பேய் பங்களா, அதையும் விட்டால் சாதிப் படம். இதையே எத்தனை வருடம் பார்ப்பது? பக்கத்தில் மலையாளத்தில் எப்படியெல்லாம் எடுக்கிறார்கள். என் பையன் தமிழ்ப் படத்தையே விட்டுவிட்டான், போனில் கொரியன் சீரியல்தான். நூறு கோடி, இருநூறு கோடி என்று கொட்டுகிறவர்களுக்கு ஒரு கதைக்கா பஞ்சம்? இல்லை, பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பா? நீங்களும் சினிமாவுக்கு வசனம் எழுதியவர்தானே, சொல்லுங்கள்.

கோமதி
பெரம்பூர்

*

அன்புள்ள கோமதி,

முதலில் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தக் காலத்துப் படங்களின் டைட்டிலில் 'கதை இலாகா' என்று ஒரு கார்டு வரும். அம்மாவை அதில் உட்காரவைத்திருந்தால் பல தயாரிப்பாளர்களுக்குக் கதை டிஸ்கஷன் செலவு மிச்சமாகியிருக்கும்.

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் 'ஒரே கதை' என்ற குற்றச்சாட்டில் கையெழுத்துப் போட எனக்குத் தயக்கம். காரணம் என் அப்பத்தா.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். பங்குனித் திருவிழாவுக்கு வருடா வருடம் நாடகம் உண்டு, பெரும்பாலும் வள்ளி திருமணம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்தது. அவர் 1922-இல் காலமானார், நாடகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். நடிகர்கள் ஒரே கம்பெனி ஆட்கள் கிடையாது. முருகனாக வரும் ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், வள்ளி புதுக்கோட்டையிலிருந்து, ஆர்மோனியக்காரர் காரைக்குடியிலிருந்து. ஒத்திகை இல்லை. அன்று ராத்திரி மேக்கப் போட உட்காரும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால்தான் இது சாத்தியம். கீழே சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் எங்களுக்கும் தெரியும்.

நோட்டீஸ் வந்ததும் அப்பத்தா என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வாள். "என்ன நாடகம்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "நாரதரு யாருடா?" என்றுதான் கேட்பாள். தினைப்புனத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கம்தான் அவளுக்கு நாடகம், மற்றதெல்லாம் விடிவதற்காகப் போடுவது. ஒரு வருடம் வள்ளியாக வந்தவர் நாரதரை நன்றாக மடக்கிவிட்டார். "முக்காலமும் அறிஞ்ச முனிவரே, உங்க வீணையில ஒரு தந்தி அறுந்து தொங்குதே, அது காலையிலேயே தெரியலையா?" நிஜமாகவே அறுந்திருந்தது. நாரதர் விழித்தார். ஆர்மோனியக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு அரை நிமிடம் இழுத்து வாசித்துக் காப்பாற்றினார். அப்புறம் நாரதர் சொன்னார்: "தெரியும்மா. தினைப்புனத்துக் குருவியை மட்டும்தான் பார்ப்பியா, தந்தியையும் பார்ப்பியான்னு சோதிக்கத்தான் அப்படியே எடுத்துட்டு வந்தேன்." கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. அப்பத்தா அந்த ஒரு வரியை அடுத்த பங்குனி வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். முருகன் வள்ளியைக் கட்டிக்கொண்டபோது அவள் என் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். உங்கள் அம்மாவைப் போலவேதான். ஆனால் இது வேறு தூக்கம்.

சென்னைக்கு வந்த பிறகும் இதைத்தான் பார்க்கிறேன். மார்கழியில் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ஒரே கீர்த்தனையை நாலு சபாவில் நாலு பேர் பாடுகிறார்கள். நாலையும் கேட்டுவிட்டுக் கேன்டீனில் உட்கார்ந்து, ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலைப் பற்றிச் சண்டைபோடும் மாமாக்கள் யாரும் 'போன வருஷம் பாடினதையே பாடறா' என்று எழுந்து போவதில்லை. கம்பன் விழாவில் வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று வழக்காடுகிறோம். தீர்ப்பு வந்த பிறகும் அடுத்த வருடம் அப்பீல்.

சினிமா இந்தக் கூட்டத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. 1931-இல் முதல் தமிழ்ப் பேசும் படம் வந்த சில வருடங்களுக்குள் வள்ளியும் பவளக்கொடியும் கோவலனும் அரிச்சந்திரனும் மேடையிலிருந்து திரைக்கு இடம்பெயர்ந்துவிட்டார்கள். ஸ்டுடியோ காலத்தில் ஒரே கதையை மெட்ராஸிலேயே இரண்டு மூன்று மொழிகளில் எடுப்பது சகஜம். கோழை ஒருவன், துடுக்கன் ஒருவன், இரட்டையர், இடம் மாறிவிடுகிறார்கள் என்ற கதை தெலுங்கில் 1964-இல் வந்தது. மறு வருடமே தமிழில் 'எங்க வீட்டுப் பிள்ளை'. 1967-இல் இந்தி. மூன்றும் ஓடின. எம்.ஜி.ஆர். சவுக்கை எடுக்கப்போகிறார் என்று தெரிந்தேதான் ஜனங்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். 'யார் படம்?' என்று கேட்பது நமக்கு நேற்று வந்த வியாதி இல்லை, அப்பத்தா நோட்டீஸில் நாரதரைத் தேடிய அதே பழக்கம்.

அப்படியானால் இப்போது மட்டும் ஏன் அலுக்கிறது? இதற்கு எனக்குத் தெரிந்த பதில் சாலிகிராமத்தில் இருக்கிறது.

பன்னிரண்டு பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு அங்கே ஒரு இரண்டாம் மாடி ஃபிளாட்டில் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தேன். படம் டிஸ்கஷன். தரையில் பாய், மூலையில் டீ ஃபிளாஸ்க், சுவரில் சீன் ஆர்டர் ஒட்டிய சார்ட். டைரக்டருக்கு முதல் படம். அசிஸ்டென்ட்கள் நாலு பேர், அனுபவஸ்தர் என்று ஒரு பெரியவர், தயாரிப்பாளர் தரப்பில் ஒருவர், வசனத்துக்கு நான். (நான் வசனம் எழுதி வெளிவந்தவை இரண்டு படங்கள். அதில் ஒன்று ஒரு வாரம் ஓடியது. இன்னொன்றைப் பற்றி வேண்டாம்.)

டைரக்டர் கொண்டுவந்த கதை, கதை என்று பார்த்தால், உங்கள் அம்மாவுக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். அண்ணன், தங்கை, கல்யாணத்துக்கு வாங்கிய கடன். ஆனால் அந்த அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். டைரக்டரின் சொந்த அண்ணனே அதுதான். முழுக்கை சட்டையைத் தொளதொளவென்று விட்டுக்கொண்டு லேத் முன்னால் நிற்க மாட்டார்கள், சுற்றுகிற இரும்பு கையையும் சேர்த்து இழுத்துவிடும். அதனால் கல்யாண வீட்டில்கூட அவன் கை தானாகச் சட்டையை மடித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் ஒரு காட்சி. ராத்திரி அவன் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கின பிறகு, அம்மா பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்து வாசல்படியிலிருந்து கட்டில் வரைக்கும் தரையில் மெல்லத் தேய்த்துக்கொண்டே வருவாள். செருப்பில் ஒட்டிவந்த இரும்புச் சுருள் பேத்தியின் காலில் ஏறிவிடக் கூடாது. காந்தத்தில் மீசை மாதிரி சுருள் ஒட்டிக்கொள்ளும். அதை நியூஸ்பேப்பரில் துடைத்து மடித்துவைப்பாள். வசனமே கிடையாது. வசனம் எழுதப்போன எனக்கே அதில் எழுத ஒன்றுமில்லை என்று சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது வாரம் தயாரிப்பாளர் தரப்புக்காரர் கேட்டார், "இதுக்கு ரெஃபரன்ஸ் என்ன சார்?" எந்த ஓடிய படத்தைப் போல இருக்கும் என்று அர்த்தம். டைரக்டர், எங்க அண்ணன்தான் சார் என்றார். அவர் சிரித்துவிட்டு டீ குடித்தார். மூன்றாவது வாரம், அம்பத்தூர் என்றால் ஆந்திராவில் யாருக்குத் தெரியும் என்று கேள்வி வந்தது. தெலுங்கு ரைட்ஸ், ஹிந்தி டப்பிங் ரைட்ஸ் எல்லாம் முன்கூட்டியே பேச வேண்டும். சரி, 'ஒரு சிட்டி' என்று மாற்றினோம். லேத் வேண்டாம், பைக் மெக்கானிக் என்றால் ஒரு பாட்டு வைக்கலாம். அப்புறம் மெக்கானிக்கும் வேண்டாம், ஹீரோ என்ன வேலை பார்க்கிறான் என்று எவன் கேட்கப்போகிறான்? காந்தம் தேய்க்கிற காட்சி 'லேக்' அடிக்கிறது. அம்மா இருந்தால் ஆக்‌ஷனுக்கு இடைஞ்சல். ஆறாவது வாரத்தில் அவனுக்கு ஊர் இல்லை, தொழில் இல்லை, அம்மா மாலை போட்ட போட்டோவாகிவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரு கடந்த காலம் மட்டும். ஐந்து வருடம் முன்பு அவன் யார் தெரியுமா?

அந்த அறையில் இருந்த யாரும் முட்டாள் இல்லை, கோமதி. அனுபவஸ்தர் என்றேனே, அவர் அத்தனை படங்களையும் ரீல் ரீலாக மனப்பாடமாகச் சொல்வார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. அத்தனை காரணமும் ஒன்றேதான்: பயம்.

பயத்துக்கு விலை உண்டு. சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து தருவதாக மத்திய அரசு 1998-இல் அறிவித்தது. ஆனாலும் கோடம்பாக்கத்தில் இன்றைக்கும் பைனான்சியரிடம் மாத வட்டிக்கு வாங்கிப் படமெடுப்பவர்கள்தான் அதிகம். வட்டி ஓடும்போது காந்தம் தேய்க்கிற அம்மாவுக்காக யார் காத்திருப்பது? படம் முடியும் முன்பே செங்கல்பட்டு, கோவை, சேலம், மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சாவூர் என்று ஏரியா ஏரியாவாக விற்பனைப் பேச்சு. அப்புறம் வெளிநாட்டு உரிமை, டிவி, ஓடிடி. வாங்குகிறவரிடம் கதையைக் காட்ட முடியாது. காம்பினேஷனைக் காட்டலாம். இந்த ஹீரோ, இந்த டைரக்டர், இந்த மியூசிக், இதற்கு முன்னால் இதே மாதிரி ஒன்று ஓடியிருக்கிறது. அந்தக் கடைசி வரிதான் நீங்கள் தியேட்டரில் பார்த்த படம்.

இன்னொன்றும் மாறிவிட்டது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பிலிம் காலத்தில் படப்பெட்டிகள் எண்ணிக்கையில் கொஞ்சம். பெரிய ஊர்களில் ஓடி முடித்துவிட்டுத்தான் சின்ன ஊர்களுக்கு வரும். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்குப் பெட்டி வர ஒரு வருடம்கூட ஆகும். அந்த இடைவெளியில் படம் நல்லாயிருக்கு என்ற பேச்சு பெட்டிக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிடும். 'சேது' 1999 டிசம்பரில் வந்தபோது வாங்க ஆளில்லாமல் கிடந்து, சில தியேட்டர்களில் மட்டும் வெளியான படம். பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே நூறு நாள் ஓடியது. இப்போது டிஜிட்டலில் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான தியேட்டர்களில் படம் இறங்குகிறது. வெள்ளிக்கிழமை 9 மணிக் காட்சி முடிந்து வெளியே வருகிறவர் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி ஒரு வார்த்தை கேட்கிறார்கள். திங்கட்கிழமை படம் இருக்குமா என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும். இந்த மைக்குகளைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பில் கேட்டுக்கொண்டார்கள். மைக்கை விரட்டினால் சரியாகிவிடுமா என்ன? மூன்று நாளில் பிழைக்க வேண்டிய பண்டத்தை, பார்த்ததும் அடையாளம் தெரிகிற மாதிரிதான் செய்வார்கள்.

இனி நம் பங்கு. உங்கள் அம்மா சொன்ன கதைக்கு மூலக்கடை 1995 பொங்கலுக்கு வந்த 'பாட்ஷா' என்று வைத்துக்கொள்ளலாம். (அதற்கும் முன்னால் இந்தியில் வேர் உண்டு.) ரஜினி தங்கையின் மெடிக்கல் சீட்டுக்காகக் கல்லூரி முதலாளியிடம் கெஞ்சிவிட்டு, தங்கையை வெளியே அனுப்பிவிட்டு, "எனக்கு இன்னொரு பேர் இருக்கு" என்று ஆரம்பிப்பாரே, அதற்கு அன்று தியேட்டரில் எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அது எடுபட்டதற்குக் காரணம் அதுவரை நாம் பார்த்த ஆட்டோ ஸ்டாண்ட், ஆயுதபூஜை, தம்பி தங்கைகள் இருக்கிற ஒரு வீடு. ஆட்டோக்கார மாணிக்கத்தை நாம் நம்பியதால்தான் தாதா பாட்ஷாவைக் கண்டு புல்லரித்தோம். பின்னால் வந்தவர்கள் பாட்ஷாவை எடுத்துக்கொண்டு மாணிக்கத்தை விட்டுவிட்டார்கள். 2022 ஜூன் முதல் 2023 அக்டோபர் வரை 'விக்ரம்', 'ஜெயிலர்', 'லியோ' என்று மூன்று பெரிய வெற்றிகள். மூன்றிலும் வெளிப்பார்வைக்கு ஒரு ஆள், உள்ளே வேறொரு ஆள். நானும் மூன்றையும் முதல் வாரத்திலேயே பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் நமக்குப் பிடித்தது இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

2024 ஏப்ரலில் 'கில்லி'யை மறுபடி வெளியிட்டபோது கோயம்பேடு பக்கம் ஒரு தியேட்டர் வாசலில் நின்று பார்த்தேன். 2004-இல் அந்தப் படம் வந்தபோது பிறந்தேயிருக்காத பையன்கள், வசனம் வருவதற்கு முன்பே வசனத்தைச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். அந்தப் படமே 2003-இல் வந்த ஒரு தெலுங்குப் படத்தின் மறு ஆக்கம். புதுசாக எதுவும் இல்லையே என்று நாம் புலம்பிக்கொண்டிருந்த அதே மாதங்களில், இருபது வருடம் பழைய மறு ஆக்கத்துக்கு ஹவுஸ்ஃபுல் போர்டு. குறை சொல்லவில்லை, எனக்கும் ஆடத் தோன்றியது. முட்டி இடம் கொடுக்கவில்லை.

அதே வருடம் செப்டம்பரில் 'மெய்யழகன்' வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவனும் அவன் உறவுக்காரனும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் படம். பெட்டி கிடையாது. தியேட்டரில் நீளம் நீளம் என்று நாம் நெளிந்ததில் 18 நிமிடத்தை வெட்டினார்கள். பிறகு ஓடிடியில் வந்ததும் வீட்டில் உட்கார்ந்து அழுதோம். எனக்கே வாட்ஸப்பில் நாலைந்து பேர், 'இப்படியெல்லாம் தமிழில் யார் எடுக்கிறார்கள்?' என்று அனுப்பினார்கள். ஐயா, எடுத்திருக்கிறார்கள், மூன்று வாரம் முன்பு உங்கள் வீட்டுப் பக்கத்துத் தியேட்டரில் மத்தியானக் காட்சியாக ஓடிக்கொண்டிருந்தது. வருடத்துக்கு 200-க்கு மேல் தமிழ்ப் படங்கள் வருகின்றன. பெட்டி இருப்பது அதில் எத்தனை என்று எண்ணிப்பாருங்கள். நாம் பார்ப்பது அந்தச் சில படங்களைத்தான்.

உங்கள் கடிதத்தில் 'சாதிப் படம்' என்று ஒரு வார்த்தை போகிற போக்கில் வந்திருக்கிறது. அதை மட்டும் விட மாட்டேன். தொண்ணூறுகளில் வருடம் முழுக்கத் துண்டைத் தோளில் போட்ட பெரிய மனிதர்கள் ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைப்பிலேயே சாதிப் பெயர் வந்த படங்கள் இருந்தன. அவற்றை நாம் கிராமத்துப் படம் என்றோம், மண்வாசனை என்றோம். 'எப்பப் பார்த்தாலும் நாட்டாமைப் படமா எடுக்கிறாங்களே' என்று யாரும் கடிதம் போட்டதாக எனக்கு நினைவில்லை. அதே ஆலமரத்தடியில் கைகட்டி நின்றவர்களின் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கதை சொல்ல ஆரம்பித்ததும் நமக்கு அலுப்பு வந்துவிடுகிறது. உங்கள் பெரம்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வியாசர்பாடி. 'மெட்ராஸ்' 2014-இல் வந்தபோது அங்கே ஒரு ஹவுசிங் போர்டு சுவரில் யாருடைய படத்தை வரைவது என்பதைக் கதையாக்கியிருந்தார்கள். ஒரு சுவரைப் பற்றி அதற்கு முன் எத்தனை தமிழ்ப் படம் பார்த்திருக்கிறீர்கள்? சரி, உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது: அந்த வகைப் படங்களிலும் இப்போது வாய்ப்பாடு வந்துவிட்டது. முதல் பாதியில் அவமானம், இடைவேளையில் திருப்பி அடி. சிலவற்றைப் பார்க்கும்போது, சாலிகிராமத்து ஃபிளாட்டில் யாரோ 'ரெஃபரன்ஸ்' கேட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அது பெட்டி வியாதி. சாதியைப் பேசுவது வியாதி இல்லை. லூசுப் பெண்ணாகவே வந்துபோகிற கதாநாயகிகளைப் பற்றி உங்கள் பட்டியலில் ஒன்றுமே இல்லாததைத்தான் ஆச்சரியத்தோடு கவனித்தேன்.

மலையாளத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அவர்களும் மீசை முறுக்கிய தம்புரான்களை வரிசையாகப் பார்த்து அலுத்தவர்கள்தான். நாம் அப்போது அந்தப் படங்களைப் பார்க்கவில்லை, தேர்ந்தெடுத்து வருவதை மட்டும் பார்க்கிறோம். கொரியாவும் அப்படித்தான், உங்கள் பையனிடம் கேளுங்கள். ஆனால் 'மஞ்ஞுமல் பாய்ஸ்' 2024-இல் டப்பிங்கூட இல்லாமல் தமிழ்நாட்டில் 50 கோடி தாண்டியதே, அது ஏன் என்று யோசியுங்கள். 2006-இல் கொடைக்கானலில் நிஜமாக நடந்தது, குழிக்குள் விழுந்தவன் பிழைத்துவிட்டான் என்று டிக்கெட் வாங்கும்போதே நமக்குத் தெரியும். தெரிந்துதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குழி எவ்வளவு ஈரம், கயிறு எப்படி வழுக்குகிறது, எந்த நண்பன் இறங்குவான் என்பதெல்லாம் அந்தப் பையன்களுக்கு மட்டுமே உரிய கேள்விகள்.

நம் ஊரிலும் 'லப்பர் பந்து' இருக்கிறதே. மாமனாருக்கும் மருமகனாகப் போகிறவனுக்கும் மோதல். இதைவிடப் பழைய கதை தமிழில் கிடையாது. ஆனால் இவர்கள் ரப்பர் பந்து கிரிக்கெட் ஆடுகிறவர்கள், ஒருவர் அடிப்பதில் பேர்வாங்கியவர், இன்னொருவன் போடுவதில். அந்த வயதிலும் மட்டையோடு கிளம்புகிற கணவனைக் கண்டால் எரிகிற மனைவி. விஜயகாந்த் பாட்டு வந்தால் உடம்பு தானாக ஆடுகிற மனிதர். எந்த டீமில் யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்பதில் இருக்கிற சாதி. அவர் கையில் அந்த மட்டை இல்லாவிட்டால் கதை நகராது. வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. பெரிய விளம்பரம் இல்லாமல் வந்து, பேச்சாலேயே ஓடியது. மூன்று நாள் கணக்கையும் தாண்டிச் சில சமயம் பேச்சு ஜெயிக்கிறது.

எங்கள் டிஸ்கஷன் படம் தொடங்கவேயில்லை. ஹீரோவின் கால்ஷீட் வேறு படத்துக்குப் போய்விட்டது. டைரக்டர் இப்போது விளம்பரப் படங்கள் எடுக்கிறார், நன்றாக இருக்கிறார். போன வருடம் வடபழனியில் ஒரு ஓட்டல் வாசலில் பார்த்தபோது, "அந்தக் காந்தம் சீனை ஒரு ஃபேன் விளம்பரத்துக்கு யூஸ் பண்ணலாம்னு பார்த்தேன் சார், கிளையன்ட் ஒத்துக்கல" என்றார்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். பெட்டி விஷயத்தில் அவர் தோற்கவில்லை. எங்கள் கதையிலும் முதலில் அது பரணில்தான் இருந்தது. பரண் பழசு என்று ஒருவர் சொன்னார், கிணறு என்றார் இன்னொருவர், கிணற்றில் போட்டால் துப்பாக்கி துருப்பிடிக்காதா என்று ஒரு அசிஸ்டென்ட் கேட்டு அறைக்கு வெளியே அனுப்பப்பட்டார். இரண்டு நாள் பேசி, கடைசியில் சாமி ரூமில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தோம்.

அன்புடன்.